மூன்று என்றாள், நான்கு என்று எழுதினேன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, உங்கள் ஸ்கேன் மெஷினைக் குறை சொல்ல நான் இங்கே வந்து உட்காரவில்லை. நல்ல மெஷின்தான். எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் ஒரு பெண்ணை அவள் வீட்டை விட்டு நான் துரத்தியிருக்க மாட்டேன், அவள் வயிற்றில் இருந்த உயிருக்கும் உலை வைக்கப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் மெஷின் இல்லாததால்தான் அந்தத் தப்பு நடந்தது என்று சொன்னால் அது பொய். வாய்க்கொழுப்பால் நடந்தது. வாய்க்கொழுப்புக்கு இன்னும் மெஷின் வரவில்லையே, அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

அறுபதுகளின் கடைசி அது. திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் பத்துக் கட்டில் போட்ட ஒரு பிரசவ விடுதியில் நான் நர்ஸ். டாக்டரம்மா கோயமுத்தூரிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாட்களில் நானும் இரண்டு ஆயாக்களும்தான். எனக்கு வயது இருபத்தெட்டு. அந்த வயதுக்கு என் கைக்கு ஊருக்குள் ஒரு பேர் இருந்தது. அடிவயிற்றில் கை வைத்தால் இத்தனை மாதம் என்று சொல்லிவிடுவேன், பெரும்பாலும் தப்பாது. அது போதாதா தலைக்கனம் ஏறுவதற்கு?

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு பகலில் சரசு வந்தாள். நல்லூரில் ஒரு நெசவுக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள். அந்த வீட்டில் எல்லோருமே அதற்குள் பனியன் கம்பெனி வேலைக்கு மாறியிருந்தார்கள். சரசு பனியனில் பிசிறு வெட்டி, எண்ணி, டஜன் டஜனாகக் கட்டும் வேலை பார்த்தாள். புருஷன் வேலுச்சாமி கம்பெனிச் சரக்கோடு கல்கத்தா போய் விற்றுவிட்டு வருகிறவன். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து முதல் கர்ப்பம். கூடவே புருஷனும் மாமியாரும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது.

"எத்தனை மாசம் கண்ணு?"

"மூணுங்க."

கை வைத்துப் பார்த்தேன். கருப்பை தொப்புளுக்குப் பாதி வழி ஏறியிருந்தது.

"மூணா? நல்லாச் சொன்னே போ. நாலு முடிஞ்சு போச்சு."

"இல்லீங்க நர்சம்மா, மூணுதானுங்க. எனக்கு நல்லாத் தெரியுமுங்க."

"டஜன் டஜனா பனியன் எண்ணுறே, மாசம் எண்ணத் தெரியலையாக்கும்?" என்று நான் சிரித்தேன். சீட்டில் 'நான்கு மாதம் முடிந்தது' என்று எழுதினேன். வெளியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினேன். என் கணக்கு நாலு பேருக்குக் கேட்கட்டும் என்கிற ஆசை.

வேலுச்சாமி எழுந்து வந்து சீட்டை வாங்கினான். "நாலுங்களா?" என்றான்.

"நாலேதான். சந்தேகமே வேண்டாம்."

சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். மாமியார் தரையைப் பார்த்தபடி நின்றார். நாலு வருஷம் காத்திருந்த வீட்டில் ஒரு முகமாவது மலர வேண்டாமா? அது எனக்கு உறைக்கவே இல்லை. வாந்திக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா வந்தார். நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தவர் சரசு பெயரில் விரலை வைத்தார்.

"இந்தப் பொண்ணு என்ன கணக்குச் சொன்னா?"

"மூணுன்னு சொன்னா டாக்டரம்மா. கை நாலுன்னு சொல்லுச்சு."

"தண்ணிகூடத் தங்காத வாந்தி. அவ சொன்ன மாசத்துக்கு மீறின வயிறு. ரெண்டையும் சேர்த்து யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. அவள் கணக்கைத் தப்பென்று தள்ளிவிட்டால் யோசிக்க எதுவுமே மிச்சமில்லையே! டாக்டரம்மா சொன்னார்: மூன்று மாதம் என்பது உண்மையானால் இரட்டைப் பிள்ளையாக இருக்கலாம். இரட்டை இல்லையென்றால் முத்துப்பிள்ளை. அதாவது குழந்தை உருவாகாமல், உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்குமிழிகளே வளர்ந்து வயிறு பெருப்பது. அது முத்துப்பிள்ளையாக இருந்தால் எந்த நேரமும் ரத்தம் கொட்டும், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் தாய் போய்விடுவாள். "அவளை உடனே கொண்டுவந்து படுக்க வை" என்றார்.

நல்லூருக்கு ஓடினேன். வேலுச்சாமி வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றான். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் குரலில் ஈரமே இல்லை.

"அவ இங்கில்லீங்க. குண்டடத்துல அவங்கப்பன் ஊட்டுக்கு அனுப்பிட்டோமுங்க."

"இந்த நிலைமையில ஏன் அனுப்பினீங்க?"

"நான் தீபாவளி முடிஞ்ச கையோட கல்கத்தா போனவனுங்க. தையிலதான் திரும்புனேன். வந்த அன்னையிலிருந்து காவடி விரதம். தைப்பூசம் முடிஞ்சு வந்துதான் விரதம் விட்டேன். நீங்க சொன்ன நாலு மாசத்தை நீங்களே எண்ணிப் பாருங்க நர்சம்மா."

தெருவில் நின்றபடியே விரல் விட்டு எண்ணினேன். பங்குனி, மாசி, தை. நாலாவது விரல் மார்கழியில் போய் நின்றது. மார்கழியில் அவன் கல்கத்தாவில். உள்ளே மாமியார் சுவரோரம் நிற்பது தெரிந்தது. என் கண்ணில் பட்டதும் அடுப்படிக்குள் போய்விட்டார்.

பல்லடம் போய் பஸ் மாறிக் குண்டடம் போய்ச் சேர்ந்தேன். அப்பா சோளக்காட்டுக்குப் போயிருந்தார். சரசு வெறும் பாயில் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை.

"நர்சம்மா, நான் அத்தனை சொல்லியும் நீங்க ஏனுங்க அப்படி எழுதுனீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு" என்றேன். ஒரு நோயாளியிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "மூணுதான்னு உனக்கு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரியும்? அதைச் சொல்லு."

ஆள் யாரும் இல்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

"பூசத்துக்கு மொத நாளு சிவன்மலைக்குக் காவடி கெளம்புதுங்க. அன்னைக்கு விடியக்காலம் நான் ஊட்டுக்குத் தூரமாயிட்டேன். வெளிய சொன்னா காவடி நின்னு போயிருமுங்க. கொழந்தை வேணும்னு அவரு வேண்டிக்கிட்ட காவடி. ஆருகிட்டயும் மூச்சு விடாம, அவரு காலுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி அனுப்பி வெச்சனுங்க. அதுதான் நான் கடைசியாத் தூரமானது. மறக்குமுங்களா?"

"அடிப் பாவி! இதை உன் புருஷன்கிட்டச் சொன்னா எல்லாமே முடிஞ்சு போச்சே."

"எப்படிங்க சொல்லுவேன்? தீட்டோட சாமி காரியத்துல கை வெச்சிட்டேன். அதுக்குத்தானுங்க இந்த வாந்தி. வாயத் திறந்து சொன்னா வயித்துல இருக்கறதும் தங்காதுங்க."

உங்களுக்கு இப்போது சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் அவள் பயம் எனக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் அந்த வீடுகளில் பெண் மூன்று நாள் ஒதுங்கி உட்காருவது தெருவுக்கே தெரியும். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் அவள் அதை மறைத்திருக்கிறாள், அதுவும் புருஷனுடைய வேண்டுதலுக்காக. அந்த மாதக் கணக்கில் போய் நான் கை வைத்திருக்கிறேன் பாருங்கள்.

அவளை என் மடியில் சாய்த்துக்கொண்டே பஸ்ஸில் திருப்பூர் கொண்டுவந்து எங்கள் விடுதியில் சேர்த்தேன். குளுக்கோஸ் ஏற்றினோம். அதன் பிறகு வந்த நாட்களைத்தான் நான் இன்றும் என் உத்தியோகத்தின் நல்ல நாட்கள் என்று நினைக்கிறேன். வயிறு காலியாக இருந்தால் குமட்டும், நிறைந்தாலும் குமட்டும். கண் விழித்ததும் தலையைத் தூக்கும் முன்பே ஒரு பிடி பொரியை வாயில் போடச் சொல்வேன். அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு வாய் நீர்மோர், உப்புப் போட்டு. கஞ்சியை ஆறவைத்துத்தான் கொடுப்பேன், ஆவி மூக்கில் பட்டால் போயிற்று. எதைச் சாப்பிட்டால் நிற்கிறது என்று அவளையே கேட்பேன், அவள் சொன்னதைத்தான் கொடுப்பேன். பட்டுத் தெளிந்திருந்தேன் அல்லவா! ஒரு நாள் புளிப்பு மாங்காய்க் கீற்று கேட்டாள். ஆயா முகத்தைச் சுளித்தாள். கொடுத்தேன், நின்றது. பெரிய எதிரி சலவைப் பட்டறை வாடைதான். வெளுத்த பனியன் துணியின் அந்தக் காரவாடை வேலைக்குப் போய் வருகிறவர்கள் சட்டையிலேயே ஒட்டியிருக்கும். அவளைப் பார்க்க வந்த கம்பெனிப் பெண்களை எல்லாம் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தித்தான் பேசவிட்டேன். பெற்றவளே வந்திருந்தாலும் அதே கதிதான்.

நடுவில் ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு நல்லூர் போனேன். வேலுச்சாமியிடம் நேராகச் சொன்னேன்: "நான் சொன்ன கணக்குத் தப்பு. ரெட்டையா இருந்தா மூணு மாசத்துலயே வயிறு நாலு மாதிரி தெரியும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அன்னைக்குச் சந்தேகமே வேண்டாம்னீங்க. இன்னைக்குத் தப்புங்கறீங்க. அவ அழுதிருப்பா, உங்களுக்கு மனசு எளகியிருக்கும். இதுல நான் எதைங்க நம்பட்டும்?"

அவன் கேட்டது நியாயம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் மேல் இல்லை. பூசத்து விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியத்தை நினைத்து விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆனால் மறுநாளிலிருந்து மாமியார் வர ஆரம்பித்தார். நடுப்பகலில், மகன் கம்பெனிக்குப் போன பிறகு, தூக்குப்போசியில் கஞ்சியோடு வருவார். உள்ளே போக மாட்டார். கதவருகே என்னிடம் கொடுத்துவிட்டு, "ரத்தம் ஏதாச்சும் படுதுங்களா?" என்று மட்டும் கேட்பார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு அக்கறை இருக்கறவங்க அன்னைக்கு ஏம்மா அனுப்பினீங்க? ஒரு வார்த்தை தடுக்க வேண்டாமா?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். நடிப்பு என்றுதான் நினைத்தேன். எவ்வளவு அவசரம் பாருங்கள் எனக்கு, சூடு பட்ட பிறகும்!

மூன்றாவது வாரம் ரத்தம் பட்டது. துணியில் ஒரு வெற்றிலை அளவு. அன்று நல்லவேளையாக டாக்டரம்மா இருந்தார். சோதித்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"உன் கணக்குப்படி இப்போ அஞ்சு மாசம் ஆகப்போகுது. குழந்தை அசையணும், இதயம் கேட்கணும். ஒண்ணுமே இல்லை, ரத்தம் வேற படுது. அப்படின்னா உள்ளே குழந்தை செத்திருக்கணும், இல்லைன்னா முத்துப்பிள்ளை. எதுவா இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வயித்தைக் காலி பண்ணணும், ரத்தம் கொட்டறதுக்கு முன்னாடி."

"அவ கணக்குப்படி பார்த்தா டாக்டரம்மா?"

"நாலுகூட முடியலைன்னா இன்னும் இதயம் கேட்கிற காலமே வரலை. அசைவும் தெரியாது. அப்போ காத்திருக்கலாம். காத்திருக்கத்தான் வேணும்."

"அவ கணக்குதான் சரி."

"மார்கழியில அவ புருஷன் ஊர்ல இல்லைன்னு எனக்கும் தெரியும்மா. பயந்தவ குறைச்சுத்தான் சொல்லுவா. வேற யாராவது உறுதியாச் சொல்ல முடியுமா?"

காருக்குச் சொல்லியாயிற்று. கையெழுத்துக்காக வேலுச்சாமிக்கு ஆள் போயிற்று. நான் சரசுவிடம் ஓடினேன். "கண்ணு, என் சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கோ. நீ சொல்லாட்டி கொழந்தைய எடுத்துருவாங்க" என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "சொன்னாலும் தங்காதுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன செய்வேன் சொல்லுங்கள்! ஒரு பக்கம் அவள் தலையில் அடித்த சத்தியம். மறுபக்கம் நான் நாலு என்று எழுதிய அந்த எழுத்து, கார் ஏறிக் கோயமுத்தூருக்குப் போகக் காத்துக்கொண்டிருக்கிறது.

வேலுச்சாமியும் மாமியாரும் வந்தார்கள். டாக்டரம்மா கட்டிலருகே வைத்தே விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "இவ கடைசியா எப்போ தூரமானா? வீட்டுல யாருக்காவது நிச்சயமாத் தெரியுமா? இதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியத்தை மீறுவதென்று முடிவு பண்ணிவிட்டேன், அதற்கு இன்றும் எனக்கு வெட்கமில்லை. ஆனால் என்னை முந்திக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"பூசத்துக்கு மொத நாளுங்க" என்றார் மாமியார்.

சரசு சட்டென்று திரும்பினாள்.

"காவடி கெளம்புன அன்னைக்கு விடியால, கெணத்தடியில இவ துணி அலசிக்கிட்டிருந்ததை நான் பாத்தனுங்க. பாத்துட்டும் பாக்காத மாதிரி உள்ள போயிட்டேன். எம்பையன் காவடி நிக்கக் கூடாதுன்னு."

"அம்மா!" என்றான் வேலுச்சாமி. "அப்பறம் நான் இவளை அனுப்பறப்ப ஏன் சொல்லலை?"

"எப்படிடா சொல்லுவேன்? தெரிஞ்சே தீட்டோட காவடியத் தூக்க விட்டவ நானு. சொன்னா நீ என்ற மொகத்துல முழிப்பியா? அந்தப் பயத்துல இந்தப் பொண்ணை ரோட்டுல விட்டுட்டேன். பாவி நானு. அவளைக் கேக்காதே, என்னைக் கேளு." அந்த அம்மா நின்றபடியே அழுதார். நான் நடிப்பு என்று நினைத்தேனே, அதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று.

டாக்டரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. "காரைத் திருப்பி அனுப்பு" என்று ஆயாவிடம் சொன்னார். என்னிடம், "ஒவ்வொரு துணியையும் எடுத்து வை. குமிழி மாதிரி ஏதாவது விழுந்தா உடனே சொல்லி அனுப்பு. இல்லைன்னா காத்திருப்போம்" என்றார்.

வேலுச்சாமி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "காலுக்குத் தண்ணி ஊத்தறப்ப உன் கை நடுங்குச்சு" என்றான். "நான் பாத்தேன். என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலை." இந்தத் தடவை அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் அவன் கம்பெனியிலிருந்து வந்ததும் எங்கள் கிணற்றடியில் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் அவள் பக்கம் போவான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

ரத்தம் மூன்றாம் நாள் நின்றது. வைகாசி முடிவதற்குள் வாந்தியும் அடங்கி அவளை நல்லூருக்கே கூட்டிப் போனார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னது என் கைக்கு ஒத்துவராதபோது, "நீ தப்பு" என்று சொல்லாமல், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்க வேண்டும், அதுவும் வாசல் வரைக்கும் கேட்காமல், கதவைச் சாத்திவிட்டு. அதற்குப் பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு பெண்ணின் மாதத்தை அவளைத் தவிர யாருக்கும் கேட்கிற மாதிரி நான் சொன்னதில்லை. சீட்டிலும் அவள் சொன்னதை முதலில் எழுதுவேன், நான் கண்டதை அதற்குக் கீழே எழுதுவேன். இரண்டும் சண்டை போட்டால் போடட்டும், டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மெஷின் ஒன்று சொல்லி, அவள் வேறு ஒன்று சொன்னால், அந்த இடத்தில்தான் நீங்கள் நின்று நிதானிக்க வேண்டும்.

ஐப்பசியில் நல்லபடியாக நடந்த பிரசவத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சரசுவுக்கும் டாக்டரம்மாவுக்கும் எனக்கும் வேர்த்ததைத் தவிர. நான் மறக்காதது ஆனி மாதத்தில் ஒரு காலை. சரசு பரிசோதனைக்கு வந்திருந்தாள், மாமியார் துணைக்கு. டாக்டரம்மா வலது பக்கம் காதுக்குழல் வைத்தார். நான் இடது பக்கம் என் மரக்குழலை வைத்துக் காதை அழுத்தினேன். கேட்கிற துடிப்பை இருவரும் ஒரு விரலால் மேஜையில் தட்டிக் காட்ட வேண்டும். ஒரே இதயமாக இருந்தால் இரண்டு விரலும் சேர்ந்து விழும். நான் தட்டினேன், அவரும் தட்டினார். என் விரல் முந்தியது, அவர் விரல் பிந்தியது. மறுபடி பார்த்தோம். மறுபடியும் சேரவில்லை. டாக்டரம்மா தலையைத் தூக்கி, அபூர்வமாக, பல் தெரியச் சிரித்தார்.

"ரெண்டும்மா. ரெண்டும் நல்லா இருக்கு."

சரசு சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகம் கோணிக்கொண்டது. எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துத்தான் கேட்டாள், "அப்ப சாமிக்கு என்ற மேல கோவமில்லீங்களா அத்தை?"

மாமியார் அவள் வயிற்றின் மேல் சேலையை இழுத்துவிட்டார்.

"கோவமா இருக்கறவன், ஒண்ணு கேட்டதுக்கு ரெண்டாக் குடுப்பானா கண்ணு?"